டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடந்தது

திண்டுக்கல்,
27-11-86

அன்பு மகன் குருசாமிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதச் சொல்வது. இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குக் கஞ்சியோ சோறோ வயிற்றுக்குள் போகிறது, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீ நாக்பூரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போது என் வாயில் வருகிற முதல் சொல். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி நாகஜோதி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதுடி என்றால் கேட்பதில்லை, வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் எனக்கு எழுத வரும் என்கிறாள். எட்டாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு வீம்பு. அதனால் கடிதத்தில் அம்மா பட்டணத்துப் பேச்சு பேசுகிறாளே என்று நினைக்காதே.

உன் போன கடிதம் வந்தது. எனக்கு மாத்திரை வாங்கினேனா, கனகா அக்கா பிள்ளைக்குக் காது குத்தியாயிற்றா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எல்லாம் கேட்டிருக்கிறாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று இந்தத் தடவையும் கேட்கவில்லை. சித்திரையிலிருந்து நீ கேட்பதில்லை. அவரும் கடிதம் வந்த அன்று அடுப்படிப் பக்கம் வந்து தண்ணீர் குடிக்கிற மாதிரி நிற்பார், நாகஜோதி படிப்பாள், முடிந்ததும் சொம்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருவர் கேட்பதில்லை, ஒருவர் சொல்வதில்லை. நடுவில் இருக்கிற எனக்குத்தான் அலுத்துப்போகிறது அப்பு. மூச்சிரைப்பு கூட ஒரு நாள் இருந்தால் ஒரு நாள் இல்லை, இது தினமும் இருக்கிறது.

கனகா வீட்டில் எல்லோரும் சுகம். சாணார்பட்டிப் பக்கம் நல்ல மழை, கிணறு ஏறியிருக்கிறதாம். நமக்குத்தான் மழையால் கஷ்டம். மல்லிகை நனைந்து வருகிறது, நாகஜோதி கட்டிக் கொடுக்கிற சரம் பாதி மார்க்கெட்டுக்குப் போவதற்குள் பழுத்துவிடுகிறது. கார் வேறு ஓடாமல் கிடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். செத்த நேரம் பொறுமையாகப் படி, நடுவில் கோபித்துக்கொண்டு மடித்து வைத்துவிடாதே.

ஐப்பசிக் கடைசியில் அப்பா சிறுமலைக்கு ஒரு வாடகை போனார். வாழைக்காய் வியாபாரி ஒருவரும் அவர் சம்சாரமும். இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முன்னால் இருந்து கருகின வாடை வந்திருக்கிறது, உடனே எல்லா லைட்டும் ஒன்றாக அணைந்துவிட்டது. அப்பா பிரேக்கை மிதித்து, கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். பிறகு அந்த வியாபாரி கையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, அவர் சம்சாரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நடக்க, இவர் காரை உருட்டிக்கொண்டே அடிவாரம் வந்திருக்கிறார். அங்கிருந்து ஒரு லாரி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலில் சொன்னது என்ன தெரியுமா? “அம்புட்டும் அந்தப் பய கோத்துவிட்ட ஒயரு. என்னையக் கொல்லாம விடாது.”

நாகஜோதி இதை எழுத மாட்டேன் என்றாள். எழுது, அவன் கேட்காத வார்த்தையா என்றேன். சித்திரையில் கனகா கொழுந்தன் கல்யாணத்துக்குப் போகும்போது, இதே மாதிரி புகை வந்ததற்குச் சம்பந்திமார் அத்தனை பேர் முன்னாலும் அவர் உன்னைப் பேசினாரே, ஐ.டி.ஐ படிச்ச திமிரு, டேப்பு மாட்டுறேன்னு காரையே கொளுத்தப் பாக்குறான் என்று, அதைவிடவா இது? நீ பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிப் போனாய். அன்றைக்கு உனக்கு எடுத்து வைத்த இலை என் கண் முன்னால் இன்னும் கிடக்கிறது. நீ போன மறுநாளே, நீ காரில் மாட்டின அந்தப் பாட்டு டேப் பெட்டியைக் கழற்றி மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். அப்புறமும் வாடை நிற்கவில்லை. பெட்டிதான் இல்லையே, இப்போது எதனால் வருகிறது என்று நான் ஒரு தடவை கேட்டேன். ஒயர் உள்ளேயேதான் கிடக்கிறது என்று வாயை அடைத்துவிட்டார்.

நாகல் நகர் முகமது பாரூக் வந்து பார்த்தான். உன்னோடு கில்லி விளையாடிய பாரூக்தான், இப்போது ஆட்டோ எலக்ட்ரிக் கடை நன்றாக ஓடுகிறது. கீழே குனிந்து பார்த்துவிட்டு, “மாமா, டேஷ்போர்ட முழுசாக் கழட்டாம ஒண்ணும் சொல்ல முடியாது. கடைக்குக் கட்டி இழுத்துட்டு வாங்க” என்றான். இவர் மாட்டேன் என்றுவிட்டார். சாமி இருக்கிற இடத்தில் கண்டவன் கை வைக்க வேண்டாம், நானே வீட்டில் வைத்துக் கழற்றுகிறேன், நீ வந்து ஒயரை மட்டும் பார் என்றார். பாரூக் சிரித்துக்கொண்டு, “சரி, மொதல்ல பேட்டரியக் கழட்டிருங்க, இல்லன்னா முருகனே வந்தாலும் காப்பாத்த மாட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

போன வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தார். முருகன் படத்தையும் சின்ன விக்கிரகத்தையும் எடுத்து வேட்டித் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே இருக்கிற ஸ்குரூ எல்லாம் கழற்றினார். கீழே உள்ளதைக் கழற்ற மல்லாந்து படுத்துக்கொண்டு, காலைச் சீட்டுப் பக்கம் போட்டு, தலையைப் பிரேக் மிதிக்கிற இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. படுத்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. நானும் நாகஜோதியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தோம். தெருவில் போன ஒச்சாயி பார்த்துவிட்டு, “என்ன சிவனம்மா, அண்ணன பிரசவம் பாக்குறீகளா” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. அதற்கப்புறம் நாகஜோதிதான் உள்ளே போனாள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருப் பக்கக் கதவில் போர்வையைத் தொங்கவிடச் சொன்னாள், யாரும் பார்க்கக் கூடாதாம். இப்போதும் இந்த இடத்தை எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறாள்.

கழற்றுகிற ஸ்குரூ மாறிவிடக் கூடாது என்று என் இட்லித் தட்டை எடுத்துப்போய் ஒரு குழிக்கு ஒரு இடத்து ஸ்குரூவாகப் போட்டு வைத்தாள். எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை, இந்த வாரம் முழுக்கத் தோசைதான். லைட் போடுகிற குமிழ், வைப்பர் குமிழ், சோக் குமிழ் எல்லாவற்றையும் திருகி எடுத்தாள். ஸ்பீடு மீட்டருக்குப் பின்னால் ஒரு கேபிள், அதைக் கையை விட்டுத் தடவித்தான் திருக வேண்டுமாம். அப்பா கை நுழையவில்லை, இவள் கை நுழைந்தது. ஒவ்வொரு ஒயரையும் பிடுங்குவதற்கு முன்னால் பூக்கட்டுகிற வாழைநாரைக் கிழித்து, ஒன்றுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததுக்கு இரண்டு முடிச்சு என்று அடையாளம் கட்டினாள். கடைசியில் ஸ்டீயரிங்கைத் தாங்குகிற நட்டை அப்பா தளர்த்திக் கொடுக்க, இரண்டு பேருமாகப் பிடித்துப் பலகையைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். கொஞ்சம் முரண்டு பண்ணிவிட்டு வந்துவிட்டது.

வந்ததும் பார்த்தால் உள்ளே குப்பை. நான் எலி கூடு கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். எலி இல்லை அப்பு. அத்தனையும் ஊதுவத்திக் குச்சி.

உனக்குத்தான் தெரியுமே, காலையில் காரைத் துடைத்ததும் இரண்டு ஊதுவத்தி கொளுத்தி முருகனுக்குக் காட்டிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற அந்த நீளச் சந்தில் செருகிவிடுவார். புகை கண்ணாடியில் ஏறுவது அவருக்குப் பிடிக்கும், வண்டிக்குள் ஏறுகிறவர்கள் கோயில் மாதிரி இருக்கிறது என்பார்கள். நீ அரைக்கால் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தான். எரிந்த மிச்சம் எல்லாம் எங்கே போகிறது என்று நாம் யாராவது யோசித்தோமா? அத்தனையும் சந்து வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. அதோடு சருகாகக் காய்ந்த மல்லிகை, திருநீறு, சுருங்கிப்போன எலுமிச்சம்பழம். அந்தச் சருகில் பாதி கருகிக் கிடந்தது. அதற்கு அடியில் ஓடுகிற லைட் ஒயரெல்லாம் மேல்துணி எரிந்து வெறும் கம்பியாகத் தெரிந்தது. நெருப்போடு விழுந்த குச்சி எதுவோ உள்ளேயே கிடந்து கனன்றிருக்கிறது, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள்.

நீ போட்ட ஒயர் எங்கே என்று நான்தான் நாகஜோதியைக் கேட்டேன். அவள் விரலால் காட்டினாள். அது அந்தப் பக்கமே போகவில்லை. தனியாக ஓரமாகக் கீழே இறங்கி, அங்கங்கே கறுப்பு ஒட்டு டேப் சுற்றி, மடங்கின இடத்தில் ரப்பர் குழாய் போட்டு, போன தையில் நீ மாட்டியது மாட்டின மாதிரி இருந்தது. அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். உன் தங்கச்சி என்ன செய்தாள் தெரியுமா, முறத்தை எடுத்து வந்து அந்தக் குச்சியெல்லாம் அள்ளிப் போட்டு, அவர் காலடியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். நான் இத்தனை வருஷம் கத்தியதெல்லாம் அவர் காதில் ஏறியதில்லை, அந்த முறத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பாரூக் வந்தான். அவனுக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காதே. குனிந்து பார்த்ததும், “மாமா, முருகனுக்குக் காட்டுன ஊதுவத்திய ஒயருக்குல்ல காட்டிருக்கீக” என்றான். அவன் விடாமல், “குருசாமி வேலையப் பாருங்க, என் கடைப் பயலுக இப்படிச் செஞ்சா நான் ஏன் தொண்டையக் கிழிச்சுக்கிறேன்” என்றான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். இருட்டின பிறகுதான் வந்தார். சோறு வேண்டாம் என்றார். நானும் கெஞ்சவில்லை, எனக்கும் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாரூக் புது ஒயர் போட்டுக் கொடுத்தான். நாகஜோதி நார் முடிச்சை எண்ணி எண்ணி ஒவ்வொன்றாகக் கொடுக்க, ஒன்று கூட மாறவில்லை. பலகையை மாட்டி, இட்லித் தட்டுக் குழியெல்லாம் காலியான பிறகு, லைட் போட்டுப் பார்த்தார்கள். எதிர்ச் சுவரில் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. ஹாரன் அடித்தது. அதோடு முடிந்தது என்று நான் உள்ளே வரப்போனேன். பாரூக், கீழே தொங்கிக்கொண்டிருந்த உன் டேப் ஒயர் இரண்டையும் கையில் எடுத்து, “மாமா, பெட்டியப் பரண்லருந்து எடுத்துக் குடுங்க, அஞ்சு நிமிசத்துல மாட்டிர்றேன், பாட்டக் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டலாம்” என்றான். அப்பா சட்டென்று அவன் கையைப் பிடித்துவிட்டார். “அதத் தொடாத மாப்ள. போட்டவன் வந்து போடட்டும்” என்றார்.

பாரூக் என்னைப் பார்த்தான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அந்த நிமிஷம் எனக்குப் பிடிபடவில்லை, கோபத்தில் சொல்லுகிற குரலும் ஆசையில் சொல்லுகிற குரலும் அவருக்கு ஒன்றுதானே. அதனால் மறுநாள் மத்தியானம் சோறு போடும்போது கேட்டேவிட்டேன், அப்போ அவனுக்கு எழுதச் சொல்லவா என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வை என்றார். வைத்தேன். அதைத் தின்றுவிட்டுக் கை கழுவ எழுந்தவர், என் முகத்தைப் பார்க்காமல், “ஒயரு தொங்குதுன்னு எழுது” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க என்னால் ஆகாது, உன்னாலும் ஆகாது. அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். குருசாமி, ஒயர் தொங்குகிறது. பொங்கலுக்கு லீவு கேள். கொடுக்கவில்லை என்றால் தைப்பூசத்துக்குக் கேள், அப்போது பழனி வாடகை நிறைய வரும், அப்பா தனியாக ஓட்டுவது எனக்குப் பயமாக இருக்கிறது. நாலு நாள் வந்து வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போ.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, அங்கே கேட்கவே வேண்டாம், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஓட்டலில் பழைய எண்ணெயில் போட்டதைத் தின்னாதே. நம் முருகன் துணையிருந்து நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. முறத்தில் அள்ளின சமாசாரத்தை நான் உனக்கு எழுதச் சொன்னது அவருக்குத் தெரியாது. இப்போது காலையில் ஊதுவத்தியைக் காட்டிவிட்டு வெளியே வந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் குத்திவைக்கிறார். நீ வந்தால் அதைப் பார்ப்பாய். ஏன் அங்கே குத்துகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் உன் வேலையைப் பார்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
சிவனம்மாள்

(எழுதியது: தங்கை நாகஜோதி)