நொடிக்குப் பதினாறு முறை

நாள் 41. 07:50
ஆழ்நிலையம், 2,600 மீட்டர்

இல்லை, நேற்றும் வரவில்லை. பதினோரு வருடமாக வரவில்லை. கரையிலிருந்து வரும் மருத்துவப் படிவம் தினமும் இதைக் கேட்கிறது. தினமும் இதையே எழுதுகிறேன். வலிப்பு: இல்லை. மாத்திரை: போட்டாயிற்று. தூக்கம்: ஆறு மணி நேரம்.

வெளியே 2.1 டிகிரி. உள்ளே 22. அழுத்தம் சரி. வண்டல் மாதிரி எண் 118 உறைபெட்டியில்.

நிலையத்தில் இரண்டு பேர். நான், அமலி, கடலடி வண்டலைப் படிப்பவள். இன்னொருவர் இசக்கியப்பன் அண்ணாச்சி, வாகன ஓட்டி. ஆள் ஏறிப் போகும் உருண்டை வாகனத்துக்கு அவர் வைத்த பெயர் குடம். ஆளில்லாமல் போய் வெட்டவும் தூக்கவும் செய்கிற இயந்திரத்துக்கு நண்டு. நண்டை இங்கிருந்தே ஓட்டலாம். கண்ணில் காட்சிக் கண்ணாடி, கையில் இரண்டு கைப்பிடி. இதைச் செய்து கொடுத்தது ஒரு வீடியோ கேம் கம்பெனி. ஓட்டுகிறவருக்கு அலுப்பு வரக்கூடாதென்று புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். கல்லை உடையாமல் எடுத்தால் ஐம்பது. இது வேலையா விளையாட்டா என்றே தெரியவில்லை என்பார் அண்ணாச்சி. ஆனாலும் நேற்று எத்தனை புள்ளி என்பதைச் சொல்லாமல் காப்பி குடிக்கமாட்டார்.

நான் மாற்று ஓட்டி. பெயருக்கு.

08:15க்கு அவர் குடத்தில் கிளம்புகிறார். மதியம் திரும்புவார்.

நாள் 41. 09:55

குடம் மாட்டிக்கொண்டது. தெற்கே நானூறு மீட்டர். யாரோ எப்போதோ போட்டு மறந்த கேபிள், வண்டலுக்குள் பாதி புதைந்து கிடந்திருக்கிறது. விசிறி அதை இழுத்துச் சுற்றியிருக்கிறது.

"ஏளா அமலி, பதறாத. கால் மாட்டிக்கிட்டு. எனக்கில்ல, குடத்துக்கு."

எடைகளைக் கழற்றிவிட்டுப் பார்த்துவிட்டார். எழும்பவில்லை. மூன்று சுற்று. ஒன்று விசிறியில், ஒன்று இடது காலில், ஒன்று முன்பக்கம், அவர் எட்டிப் பார்க்கும் ஜன்னலை ஒட்டி.

காற்று 19:30 வரை. விடுபட்டால் தானாக மிதந்து மேலே போய்விடும். அதற்கு ஒன்றரை மணி நேரம். ஆகவே ஆறு மணிக்குள்.

கப்பலைக் கூப்பிட்டேன். புயலுக்காக நேற்றே விலகிப் போன கப்பல். பதில் வந்தது: "திரும்பி வர முப்பது மணி நேரம். உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்."

முடிந்தது என்றால் நண்டு. நண்டு என்றால் நான்.

நாள் 41. 10:40

இதை எடுத்துப் படிப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

பதினைந்து வயதில், பாளையங்கோட்டையில், பெரியப்பா வீட்டில் ஒரு கேம் விளையாடினேன். கடைசிப் பேய் செத்தது. திரை முழுக்க வெள்ளை வெடித்து மினுங்கியது. பிறகு தரை. முன்பல் பாதி உடைந்திருந்தது. பெரியப்பா மகன் ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான். பேய் செத்ததை நான் சொல்லி யாரும் நம்பவில்லை.

எல்லா வெளிச்சமும் என்னை ஒன்றும் செய்யாது. மின்னல் செய்யாது. வெல்டிங் பொறி செய்யாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மினுங்க வேண்டும். மருத்துவமனையில் தலையில் ஒயர் ஒட்டி, விளக்கின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, என்னுடைய எண்ணைக் கண்டுபிடித்தார்கள். நொடிக்குப் பதினாறு. சிலருக்கு ராசி எண் இருக்கும். எனக்கு இது.

நண்டின் கண்ணாடியில் ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கு. நிறம் பிரித்தறியாதவருக்கான வண்ணங்கள். அதிர்வை நிறுத்து. கடைசியில், 'மினுக்கம் குறை'. அந்த ஒரு வரியால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

மினுக்கம் குறை: ஆம். இரண்டு முறை சரிபார்த்தேன்.

நாள் 41. 11:30
குரல் பதிவு

நண்டு வெளியே வந்துவிட்டது. கண்ணாடி மாட்டியிருக்கிறேன். திரை சாதுவாக இருக்கிறது. மேலே என் புள்ளிகள்: பூஜ்யம்.

குடத்தின் விளக்கு தெரிகிறது. மஞ்சள். இவ்வளவு இருட்டில் அது ஒரு வீடு மாதிரி இருக்கிறது. ஜன்னலில் அண்ணாச்சி கையை ஆட்டுகிறார்.

ஐந்து மீட்டர். நான்கு. கைப்பிடி சீராக. மூன்று. இரண்டரை. விசிறிச் சுற்று கண்ணுக்கு நேராக. இர

நாள் 41. 12:52

தரை.

நாக்கு கடிபட்டிருக்கிறது. உடை நனைந்திருக்கிறது. கண்ணாடி கழன்று எட்டிக் கிடக்கிறது, அதனால்தான் வலிப்பு நின்றிருக்கிறது. இல்லாவிட்டால்.

என் பெயர் அமலி. நாள் 41. இதை எழுதவே பத்து நிமிடம் ஆயிற்று.

விழுந்தது 11:43. நண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. அவருடைய காற்றில்.

ஒலிப்பதிவில் அவர் குரல்:

11:46. "தாயி. நண்டு நின்னுட்டு."
11:51. "ஏளா. சாப்பிடப் போயிட்டியோ."
11:58. "அமலி. அமலி."
12:10. "சரி. நான் பேசிக்கிட்டே கெடக்கேன். நீ கேட்டா கேளு."

பிறகு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். குலசேகரப்பட்டினத்தில் தன் மாமனார் வாங்கிய படகைப் பற்றி. அது எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பற்றி. பேச்சு காற்றைத் தின்னும் என்று அவருக்குத் தெரியும்.

நாள் 41. 13:30

என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. கருவியின் பதிவைப் படித்தேன்.

'மினுக்கம் குறை' சுவிட்ச் வேலை செய்கிறது. அமைதியான நேரத்தில். ஆள் இருக்கும் வாகனத்துக்கு இரண்டு மீட்டருக்குள் நண்டு போனால் ஆபத்து எச்சரிக்கை வருகிறது. வெளிச்சம் முழு அளவுக்கு ஏறுகிறது. வெள்ளை, சிவப்பு, வெள்ளை. நொடிக்குப் பதினாறு. அதற்கான நிரலைத் தனியாக வேறு ஒருவர் எழுதியிருக்கிறார், சுவிட்ச் அதைத் தொடவே இல்லை. அவருடைய குறிப்பும் உள்ளே கிடக்கிறது: 'ஆபத்தில் இருப்பவர் ஆபத்தை உணர வேண்டும்.' நல்ல எண்ணம்தான். மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறது. கண்ணாடி இல்லாமல் தட்டைத் திரையில் பார்க்க வழியில்லை. கண்ணை மூடினாலும் சிவப்பு இமைக்குள் வரும்.

சோதனைச் சான்றிதழும் பதிவில் இருக்கிறது. இப்படி ஒரு வசதி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரே சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நியாயமான விதி. ஆனால் அது வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆகவே அன்று நான் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன். கம்பெனிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல் பொறுக்கினார். ஒன்றுமே மினுங்கவில்லை மேடம், சூப்பர் என்றார். கல் பொறுக்கும்போது மினுங்காதுதான். அவர் பொய் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அழகான கையெழுத்து.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படிச்ச புள்ள. பாக்காம கையெழுத்துப் போட்டிருக்க."

"ஆமா அண்ணாச்சி."

"எங்க வீட்ல நெலத்த வித்தது இப்படித்தான். சரி விடு. அந்தக் கண்ணாடிய இனித் தொடாத."

தொட்டால் குடத்தின் காற்றுக் குழாயைத் திறந்துவிட்டுவிடுவேன் என்றும் சொன்னார். வேடிக்கைக்குச் சொன்ன குரல் இல்லை.

நாள் 41. 14:20

மருத்துவர் சொன்ன ஒன்று நினைவில் இருக்கிறது. மினுங்கும்போது ஒரு கண்ணை முழுக்கப் பொத்து. மூளைக்குப் போகும் வெளிச்சம் பாதியாகும். பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இடது வில்லையில் கறுப்பு டேப் ஒட்டினேன். மூன்று அடுக்கு.

ஒரு கண்ணில் தூரம் தெரியாது. கேபிள் நண்டின் வெட்டுவாய்க்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியாது. ஒரு சாண் தவறினால் குடத்தின் ஓட்டில் பாயும். வெட்டுவாயையும் கேபிளையும் பக்கவாட்டிலிருந்து பார்க்கக்கூடியவர் ஒருவர்தான். ஜன்னலில் இருப்பவர்.

இருபது நிமிடம் சண்டை. கடைசியில் சம்மதித்தார். தூரத்தை அவர் சொல்வார். எனக்கு மீட்டர், அவருக்கு முழம்.

"ரெண்டு முழம். வா. ஒண்ணரை. மெதுவா, கல்யாணத்துக்கா போற. ஒரு சாண். நாலு விரக்கடை. நில்லு. வெட்டு."

விசிறிச் சுற்று அறுந்தது. திரையில்: சபாஷ், +50.

நாள் 41. 15:50

காலில் இருந்த சுற்றும் அறுந்தது. நூறு புள்ளி.

மினுக்கம் ஒற்றைக் கண்ணுக்குள் இறைந்துகொண்டே இருக்கிறது. இரண்டு நிமிடம் பார்க்கிறேன், கண்ணாடியைக் கழற்றுகிறேன், பத்து நிமிடம் தரையைப் பார்க்கிறேன். வாயில் தகர ருசி. வலது கை தானாகத் துள்ள ஆரம்பித்திருக்கிறது. அது முன்னறிவிப்பு. பதினைந்து வயதில் அதைத்தான் நான் விளையாட்டின் உற்சாகம் என்று நினைத்தேன்.

ஒருமுறை கை துள்ளி நண்டு குடத்தை இடித்தது. டங் என்ற சத்தம் அவருடைய ஒலிவாங்கி வழியாக வந்தது. திரையில்: –200.

"யாரு, கதவத் தட்டுறது," என்றார்.

நாள் 41. 16:45

மூன்றாவது சுற்று. ஜன்னலுக்கும் கேபிளுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்.

அவர் குரல் இழுக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு. கரியமில வாயு ஏறுகிறது. தலை வலிப்பதாகச் சொன்னார். பிறகு தலை வலிக்கவில்லை என்றார், அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு முழம்," என்றார். போனேன். "ஒரு முழம்." போனேன். "ஒரு முழம்." நிறுத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, கேபிள் எங்க இருக்கு."

"படகு இந்தப் பக்கம் சாயுது தாயி. நான் அப்பவே சொன்னேன் மாமாட்ட."

அவர் சொல்லும் தூரத்தை இனி நம்பமுடியாது.

17:00. மறுபடி கேட்டேன். சாண் என்றார். பிறகு முழம். பிறகு என் பெயரைக் கேட்டார்.

நாள் 41. 17:22

கருவியின் பதிவை நொடி நொடியாகப் படித்தேன்.

11:43:10 எச்சரிக்கை தொடக்கம்.
11:43:22 கைப்பிடி விடுபட்டது.

பன்னிரண்டு நொடி. இரண்டு கண்ணும் திறந்திருந்து, தூரம் தெரிந்து, நான் நானாக இருந்த நேரம். கேபிளை அறுக்க ஒன்பது நொடி ஆகிறது, இரண்டு முறை அளந்தாயிற்று. கைப்பிடியை விட்டால் வெட்டுவாய் நின்றுவிடும்.

காலையில் மூளை புதிது. இப்போது அது மூன்று மணி நேரமாக அடி வாங்கியிருக்கிறது. பன்னிரண்டு என்பது ஏழாக இருக்கலாம். காலையில் கை திறந்தது, இப்போது கைப்பிடியில் இறுகிக்கொள்ளலாம், வெட்டுவாய் ஜன்னலில் பாயலாம். அதற்காகக் கைப்பிடியைப் பின்பக்கம் கயிற்றால் கட்டியிருக்கிறேன். கேபிளின் தடிமன் அளவுக்குமேல் முன்னால் போகாது. எவ்வளவு இழுத்துக் கட்டுவது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கட்டினேன். கணக்கை இரண்டாவது முறை போட்டபோது வேறு விடை வந்தது. நடுவில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

என்னைப் புரட்டிவிட இங்கே யாரும் இல்லை. மல்லாந்து விழுந்தால் மூச்சடைக்கும். கண்ணாடி இந்த முறை கழலாமல் போனால் மினுங்கிக்கொண்டே இருக்கும், நான் நிறுத்தமாட்டேன். பட்டையைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதிவைக்கக் காரணம் எதுவும் இல்லை.

நாள் 41. 17:38

டேப் ஒட்டிய கண்ணாடியை மாட்டி, நண்டை மூன்று மீட்டருக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அங்கே மினுங்காது. அவரைக் கூப்பிட்டேன். இரண்டு நிமிடம் கழித்துப் பதில்.

"அமலியா."

"ஆமா அண்ணாச்சி. சுவிட்ச் சரியாயிட்டு. கம்பெனிக்காரங்க மேலேருந்து சரி பண்ணிட்டாங்க. இப்ப மினுங்கல."

"நெசமாவா."

"நெசமா."

"அப்ப ரெண்டு கண்ணாலயும் பாரு." மூச்சு. "எனக்குச் சொல்லத் தெரியல தாயி. எதுன்னே தெரியல."

"நீங்க சொல்லவேண்டாம். கண்ண மூடிக்கிட்டு மெதுவா மூச்சு விடுங்க. குடம் ஆடும். மேல போகும். மேல போனதும் மூடியத் தொறக்கணும். என்ன செய்யணும்?"

"மூடியத் தொறக்கணும்."

ஐந்து முறை சொல்லவைத்தேன். ஐந்தாவது முறை, தொறக்கணும்தான் தெரியுதுல்லா, சும்மா நச்சரிக்காத என்றார். அது அவர் குரல்.

நாள் 41. 17:46
குரல் பதிவு

கப்பலுக்கு: குடம் மேலே வந்தால் முதலில் அதைத் தேடுங்கள். நிலையம் எங்கேயும் போகாது. சான்றிதழில் உள்ள கையெழுத்து என்னுடையது. அந்த எச்சரிக்கையை எழுதியவரிடம் இந்தப் பதிவைக் கொடுங்கள். திட்டவேண்டாம். கொடுங்கள், போதும்.

மெத்தையைத் தரையில் போட்டேன். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். வலது கை கைப்பிடியில். நண்டை உள்ளே நகர்த்தினேன். இரண்டு மீட்டர். மினுங்க ஆரம்பித்துவிட்டது, ஒரு கண்ணில். முடிந்தவரை வெட்டுவாயைக் கேபிள் அருகே கொண்டுபோனேன்.

டேப்பை உரித்தேன்.