மூன்று முறை மாறிய இடுப்பு

ஹார்லெம், செப்டம்பர்

என் அன்பானவருக்கு,

டான்சிக் துறைமுகத்தில் தானியம் வாங்கக் கப்பலேறும்போது நீங்கள் வரையச் சொல்லிவிட்டுப் போன என் படம் இன்னும் முடியவில்லை. ஓவியர் கோவர்ட்டைத் திட்டாதீர்கள். முகத்தை ஜூனிலேயே முடித்துவிட்டார். இடுப்பைத்தான் மூன்று முறை அழித்து வரைந்தார்.

நேற்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, போன மாசம் சரியா இருந்த கோடு இன்னிக்குச் சரியா இல்ல. எனக்குக் கண்ணு போச்சா?"

மாவு பிசைந்துகொண்டிருந்த உங்கள் அம்மா சிரித்துவிட்டார். "உங்க கண்ணுல கோளாறு இல்ல ஐயா. இந்த வீட்டுக்குப் புது ஆள் வருது. கொஞ்சம் தாராளமா வரைங்க!"

மனிதருக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. படம் முடிந்ததும் மூலையில் அவர் பெயரை எழுத வேண்டும் என்று இன்று சொன்னேன்.

"வேணாம்மா. மூணு மாசம் எதிர்ல உக்காந்து பாத்தும் புரியாதவன்னு ஊரே சிரிக்கும்."

ஏன் முன்பே எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். முன்பு இரண்டு முறை அவசரப்பட்டு எழுதினேன். இரண்டு முறையும் அடுத்து துக்கச் செய்தியோடு வேறொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. இந்த முறை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து உதை விழுகிறது.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். குளிரில் கால்வாய்கள் உறைந்து படகுகள் நிற்பதற்குள் வந்துவிடுங்கள்.

உங்களுக்காகக் காத்திருக்கும்
உங்கள் மனைவி