மேல் ஏரிக்குப் போகும் கோடு

மார்ச் 6
கணிப்பு முடிந்தது. கீழ் ஏரியை அப்பிக்கொண்டிருக்கும் நகத்தளவு அந்நியச் சிப்பி, இரண்டு மழைக்காலத்துக்குள் மேல் ஏரிக்கும் ஏறிவிடும். தானாக ஏறாது, படகின் அடியில் ஒட்டிக்கொண்டு போகும். இரண்டு ஏரிக்கும் மாறி மாறிப் போகும் படகுகளை வரைபடத்தில் கோடாக்கினேன். மெல்லிய கோடுகள் நாலைந்து. அடிக்கடி போய் வருவதால் தடித்தது ஒன்றே ஒன்று.

அது யாருடைய படகென்று எனக்குத் தெரியாதா? எங்கள் வாசலில்தான் நிற்கிறது.

மார்ச் 7
அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 9
இன்றும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதருக்கு இருப்பது தூண்டிலும் படகும்தான். கீழ் ஏரியில் அவருடைய கூட்டாளி மீசை மாமா, அரட்டை, சிரிப்பு. மேல் ஏரியில் அமைதி. எதை விடச் சொல்வது? ஊருக்குத்தான் உபதேசமா, பெண்ணே?

மார்ச் 12
சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"சிப்பி வந்தா என்னம்மா ஆகும்?"

"தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடும்பா."

"நல்லதுதானே?"

"மீன்குஞ்சு திங்கறதையெல்லாம் அது வடிச்சுத் தின்னுடும். அப்புறம் தூண்டில் போட்டா என்ன, போடாட்டி என்ன?"

எழுந்து போய்விட்டார். கை கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஏன்டி சொன்னே? சொல்லாம எப்படி இருக்கறது—

மார்ச் 13
காலையில் பார்த்தால் அண்டா முதல் பால் பாத்திரம் வரை வெந்நீர். படகைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஒட்டின சிப்பி சாக எத்தனை நாள் காயணும்? சொல்லு."

மார்ச் 30
படகு மேல் ஏரிக்குப் போய்விட்டது. இனி வீட்டுக்கு வராதாம், அங்கேயே கிடக்குமாம். கீழ் ஏரிக்கு முழுக்குப் போட்டுவிட்டார். மீசை மாமா வந்து, "கீழேருந்து மேலே போறே, பதவி உயர்வுடா!" என்றார். இருவரும் சிரித்தார்கள். மாமா போனபின் அப்பா காலி வாசலைக் கூட்டினார். அங்கே குப்பையே இல்லை.

ஏப்ரல் 2
தடித்த கோட்டை எடுத்துவிட்டுக் கணிப்பை மறுபடி ஓட்டினேன். ஆபத்து பாதிக்கு மேல் குறைந்தது. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், "கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 4
மழை விட்டது. மேல் ஏரியில் தொங்கவிட்ட சோதனைப் பலகையைப் பார்க்கப் போனேன். துடுப்புப் போட்டது அப்பா. கரையில் மீசை மாமா. கீழ் ஏரியில் நனைந்த தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு பஸ் பிடித்து வந்திருந்தார்.

பலகை முழுக்கப் பாசி. மணல்போல நெருடினால் சிப்பிக்குஞ்சு. விரலால் தடவினேன். வழுவழுவென்றுதான் இருந்தது.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்லப்பா. அடுத்த மழைக்கும் பாக்கணும். அதுக்கு அடுத்ததுக்கும்."

"பாரு, பாரு. படகு இங்கேதானே இருக்கு."