நடுவில் போட்ட நாற்காலி

இன்று காலை ஆராதனையில் எனக்கு முன்வரிசையில் இருந்தவர் சளிக்காகக் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டுக்கொண்டு வந்திருந்தார். பிரசங்கம் முழுக்க உன் நினைப்புதான். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மைன்ஸ் பஸ்ஸில் ஏறினால் உன்னிடம் இதே வாசனை அடிக்கும். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு, எழுதிவிடுகிறேன்.

ஸ்டெல்லா விஷயம்தான். நம் பிளாக்கில் ஸ்டீபன் என்ற பையனாக வளர்ந்து, வெளியூர் போய், ஏழெட்டு வருஷம் கழித்துப் புடவையோடு ஸ்டெல்லாவாகத் திரும்பி வந்தாள். ஞானஸ்நானம் வாங்கிய சபைக்கே வருகிறேன் என்றாள். நம் சபையில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. ஆண்கள் பக்கம் உட்காரச் சொன்னால் அவள் வரவே மாட்டாள். வாசலோடு அனுப்பிவிடலாம் என்றவர்களும் உண்டு. செயலாளரான நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்பு விடும் வாசலையொட்டி, நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

சபைக் கமிட்டியில் அதை 'யார் மனமும் நோகாத ஏற்பாடு' என்று கொஞ்சம் பெருமையாகவே வாசித்தேன். நீ ஒருவன்தான், "அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டுக்கினுதான் எழுதினியா?" என்றாய். நான் கேட்கவில்லை. பதிலுக்கு நாலு வேத வசனம் சொன்னேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களிடம் வசனத்துக்குப் பஞ்சமே கிடையாது.

உனக்கும் அவள் விஷயம் பிடிபடவில்லை; பிறகு ஏன் அவளுக்காகப் பேசுகிறாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நேராகவே கேட்டேன்.

"சரியா தப்பான்னு எனக்குத் தெரியலப்பா. ஜெபம் பண்ண வந்த புள்ளய தனியா குந்த வச்சிக்கினு, நம்ம மட்டும் எப்டி சேர்ந்து பாடறது?" என்றாய்.

அடுத்த ஞாயிறு உன் இரண்டாவது வரிசையை விட்டு எழுந்து, இன்னொரு நாற்காலியைத் தூக்கிப் போய் அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாய். எனக்குக் கோபம். கமிட்டித் தீர்மானத்தைக் கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன். அதிலிருந்து இரண்டு வருஷம், ஒரே ஷிப்டில் இருந்தும் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில்தான் உட்கார்ந்தோம். பிறகு ஒருநாள் மாரடைப்பு என்று போன் வந்தது. அதற்குள் பேசியிருக்கலாம். பேசவில்லை.

நீ போன பிறகும் அவள் உன் நாற்காலியை எடுக்காமல் வைத்திருந்தாள். நாலைந்து வாரம் பார்த்துவிட்டு, அதை அடுக்கி வைக்கச் சொல்லத்தான் பின்னால் போனேன். போனவன் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் அங்கிள், உங்களையும் முன்னாடி உக்கார வேணாம்னுட்டாங்களா?" சிரிக்காமல்தான் கேட்டாள்.

"இல்லம்மா. உன்னை இங்க உக்கார வச்சதே நான்தான்."

"தெரியும் அங்கிள். அவரு மொத வாரமே சொல்லிட்டாரு." பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினாள். "உங்க மேல கோவப்படக் கூடாதுன்னாரு. 'அவன் வருவான், லேட்டாதான் வருவான், நாற்காலிய மட்டும் எடுத்துடாத'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

அன்று எனக்குப் பாட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது. அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாய் என்றுதான் இரண்டு வருஷமும் நினைத்தேன். எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருக்கிறாய்.

எனக்கு எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடவில்லை. அவளைப் பெண்கள் பக்கம் உட்கார வைப்பதா என்று கமிட்டியும் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஞாயிறுதோறும் நான் அவளுக்கு, எனக்கு, இனி லேட்டாக வரப்போகிறவருக்கு என்று மூன்று நாற்காலி எடுத்துப் போடுகிறேன். கமிட்டியில் இன்னும் ஒருவர் வசனம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.