அடித்துக் கறுப்பாக்கிய சொல்

என் வாலு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. ஆபரேஷன் செய்து மாற்றிய வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மூன்று மாதமாகப் போடுகிறேன் போடுகிறேன் என்ற அப்பா, உன் அறை ஜன்னலுக்கு ஒருவழியாகக் கொக்கி போட்டுவிட்டார்.

உன் கடிதம் வந்தது. போனில் மூச்சுவிடாமல் பேசுகிறவள் கடிதம் போட்டாயே, அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. போனில் என்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதுதானே?

மரத்துப்போக வைக்கும் ஊசியை இடது முழங்காலில் போட்டுக்கொள்ளாதே என்கிறாய். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இதனால் மூட்டு கெடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, வலி போகுதா இல்லையா என்றார். வலதில் போட்டபோது போனது. மறுநாள் கூட்டாளிகளோடு திரும்பி வந்தது. அந்த ஆள் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

வலது முழங்காலில் வெட்டி எடுத்ததை உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டேன். நீயோ ‘ஒரு நோயாளியின்’ குருத்தெலும்புச் செல்கள் என்று எழுதுகிறாய். தட்டில் வளர்த்து அந்த ஊசி மருந்தை ஊற்றினீர்களாம். நல்ல மூட்டின் செல்கள் ஓரளவு தாங்கினவாம், மூட்டுவாதம் வந்த மூட்டின் செல்கள் சீக்கிரம் செத்தனவாம். மருந்து கூடக் கூட, நேரம் ஆக ஆக, இன்னும் அதிகமாம். தட்டில் நடப்பது உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். யாரோ ஒரு நோயாளிக்கா நீ இப்படிப் பதறுவாய்?

இருபத்திரண்டு வருடமாகத் தையல் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் நான். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு சட்டையையும் விட்டதில்லை. உன் கடிதத்தின் அடியில் ஒரு சொல்லை அடித்து அடித்துக் கறுப்பாக்கியிருக்கிறாய். தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பேனா அழுந்திய தடம் தெரிந்தது. ‘என்னால்தான்’.

அசட்டுப் பெண்ணே! அந்த டாக்டரிடம் என்னை அழைத்துப் போனது நீதான், இல்லையென்று சொல்லவில்லை. நின்றே பார்க்கிற வேலை, எப்படியாவது ஊசி போடச் சொல் என்று உன்னை நச்சரித்தது யார்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் வலது முழங்காலில், உனக்குத் தெரிந்து நான் போட்டுக்கொண்டது இரண்டு ஊசி. நீ திட்டுவாய் என்று பயந்து, நானாகப் போய் இன்னும் மூன்று போட்டுக்கொண்டேன். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற நான்தான் உன்னிடம் மறைத்தேன். அந்த மூட்டு கெட்டதில் உன் பங்கு என்று எதையும் சுமக்காதே. எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை போகமாட்டேன். உட்கார்ந்து பார்க்கிற மேஜைக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. இனி அம்மாவுக்கு எழுதும்போது ஒரு சொல்லையும் அடிக்காதே. நானும் அடிக்கமாட்டேன்.

உன்னைத் திட்டவே தெரியாத
அம்மா