பலகைக்கு அந்தப் பக்கம் வாசித்த கதை

அன்புள்ள அத்தை,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். எழுத்துகள் கோட்டின்மேல் உட்கார மாட்டேன் என்கின்றன. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய விரல்கள் பென்சிலையும் அப்படியே அழுத்துகின்றன. இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. ஒரு வரி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது. இருந்தாலும் இது நானே எழுதுவது, அத்தை. வேறு யாரும் எழுதித் தரவில்லை. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்று மத்தியானம் உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மலை ஈரத்தில் வேதப்புத்தகம் பூசணம் பூத்துப்போகாமல் இருக்க நீங்கள் போட்டுவைத்த அந்துருண்டை கரைந்துவிட்டது, வாசம் மட்டும் கிடக்கிறது. அந்த வாசம் எழுந்ததும், சமையற்கட்டில் நீங்கள் தொண்டையைச் செருமியது போலக் கேட்டது. வாசிக்கத் தொடங்குமுன் செருமுவீர்களே, அதே மாதிரி. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை முன்னால் உட்காரக் கூடாது என்ற பழக்கத்தை நீங்கள் கடைசி வரை விடவில்லை. வேதக்காரர் வீட்டில் அதெல்லாம் இல்லை என்று உங்கள் மகள் கேலி செய்வாள். நீங்கள் கேட்டதில்லை. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டின் முன்னறையில் நான், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நீங்கள். வாசிக்கும்போது உங்கள் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு உங்கள் வேதம் என்றால் பலகை வழியாக வந்த குரல்தான். நான் முருகன் கோயிலுக்குப் போகிறவன், உங்கள் சர்ச்சுப் படியை மிதித்தவன் இல்லை. வேறு யார் வாயிலும் அந்தக் கதைகளைக் கேட்டதும் இல்லை.

மழைக்காலத்தில் அதிகம் வாசித்தது பெத்லகேம் குடும்பத்தின் கதை. ஊரில் பஞ்சம். புருஷன் பெண்டாட்டியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு அந்நிய தேசத்துக்குப் போகிறான். அங்கேயே சாகிறான். மகன்கள் கல்யாணம் கட்டி, அவர்களும் சாகிறார்கள். மிஞ்சியது கிழவி நகோமியும் இரண்டு மருமகள்களும்.

ஒரு தடவை தாப்பாவிலிருந்து வந்த போதகர் ஐயர், ஆண்டவர் கொடுத்த ஊரை விட்டுக் கிளம்பியதால்தான் அவன் செத்தான் என்று பிரசங்கம் செய்துவிட்டார். வீட்டுக்கு வந்து பானையை இறக்கிய வேகத்திலேயே உங்கள் கோபம் எனக்குத் தெரிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் மரவள்ளித் தோலைக்கூட அவித்துத் தின்றதையும், மாமா கைக்குழந்தையோடு உங்களை மலைக்குக் கூட்டி வந்ததையும், வந்த குளிரிலேயே அவர் கண்ணை மூடியதையும் அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

"பசிச்ச புள்ளைய வச்சுக்கிட்டு எவன் உக்காந்திருப்பான்? கெளம்புறது குத்தமில்ல மாப்ள. அந்த ஐயருக்குப் பசின்னா என்னன்னு தெரியாது."

அந்தக் கைக்குழந்தைதான் வளர்ந்து என் மனைவியானாள். காய்ச்சலில் கிடந்த அவளைத் தோட்டத்து லாரியில் ஏற்றித் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலை இறங்கி முடிவதற்குள் அவள் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த வீட்டில் நீங்களும் நானும் பலகைச் சுவரும்தான்.

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த என் அண்ணன் வந்து, திரிங்காப்பில் ஒரு பெண் இருக்கிறது, கிளம்பு என்றார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியும் தம் பங்குக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்: செக்ரோல் என்ற ஆள் கணக்கில் பேர் இருக்கிறவனுக்குத்தான் லயத்து வீடு. இருமலால் நீங்கள் கொழுந்து பறிப்பதை விட்டிருந்தீர்கள். நான் போனால் நீங்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலையில் உங்களுக்கும் சேர்த்துத் தண்ணி பிடிக்கப் போனால், பைப்படியில் வேறு வாய்கள். "சீதனம் வேணாம்னு சொன்னான்ல, இப்ப மாமியாரையே சீதனமாக் குடுத்துட்டாங்க லா." நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். உங்களுக்கும் அது காதில் விழுந்திருக்கும்.

அண்ணன் வந்துபோன சாயங்காலம் நீங்கள் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தீர்கள். வெளியே மூடுபனி, தேயிலைச் சரிவு எதுவும் தெரியவில்லை. நகோமி மருமகள்களைப் பார்த்து, உங்கள் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்லும் இடம் வந்தது. உங்கள் குரல் நின்றது. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும். பிறகு, வாசிக்கிற குரலில் இல்லாமல் பேசுகிற குரலில் சொன்னீர்கள்:

"ரெண்டு மருமகளும் அழுதாங்க. மாமியாருக்கு முத்தம் குடுத்துட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆண்டவர் அவங்கள ஒண்ணுமே சொல்லல. நீங்களும் போங்க மாப்ள. என்னய ரிங்லெட்ல சர்ச்சு ஆளுங்க பாத்துப்பாங்க."

ரிங்லெட்டில் உங்களைப் பார்க்க ஆள் கிடையாது என்று எனக்குத் தெரியும். வேறு ஒன்றைக் கேட்டேன்.

"அப்ப அந்தக் கெழவிக்கு யாரு தண்ணி புடிச்சு வச்சா?"

டின் மூடி விழுந்த சத்தம் கேட்டது.

"அதெல்லாம் எழுதல," என்றீர்கள்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய், கங்காணி என் பேரைக் கூப்பிட்டபோது எப்போதும் போலக் குரல் கொடுத்தேன். அண்ணனுக்கு ஆள் விட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் பெரிய மனது வைத்தேன் என்று நினைக்காதீர்கள். வாளியை நிரப்பாமல் வீட்டை விட்டுக் கிளம்ப எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் எத்தனையோ மழைக்காலம் அந்தக் கதையை வாசித்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் குரல் நிற்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டு மருமகள்களும் போய்விடுவார்கள். செத்துப்போன மகளை நினைத்து நிறுத்துகிறீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது டின்னைக் கேட்டீர்கள். என் கையில் கொடுத்து, "நீங்க படிச்சிருக்கணும் மாப்ள. ஒரு நாளைக்காவது படிங்க," என்றீர்கள். காய்ச்சல் பேச்சு என்று தலையாட்டினேன். உங்கள் கண்ணில் இருந்தது பயம் என்று இப்போது புரிகிறது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். குட்டி மேசைக்குள் முட்டி மடங்காமல் உட்கார்ந்து 'அ' போட்டேன். இப்போது லாரியில் எழுதியிருப்பதையும் மளிகைக் கடைப் பலகையையும் படிக்கிறேன். தெருவில் நின்று சத்தமாகப் படிப்பதால் சீனன் கடைக்காரர் சிரிக்கிறார். அத்தனை சந்தோஷமாக இருக்கிறது. போன வாரம் முழுக்க, விரலை வைத்து நகர்த்தி, உங்கள் கதையின் முதல் அதிகாரத்தைப் படித்தேன்.

அத்தை, ஒருத்திதான் போகிறாள்.

இன்னொருத்திக்கு ரூத் என்று பேர். அவள் போகவில்லை. மாமியாரைக் கட்டிக்கொண்டு, என்னைப் போகச் சொல்லாதீர்கள் என்கிறாள். நீங்கள் தங்கும் இடத்தில் தங்குவேன், உங்களைப் புதைக்கிற மண்ணில்தான் என்னையும் புதைக்க வேண்டும் என்கிறாள். படித்தது சரிதானா என்று திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டினேன். விரல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சமையற்கட்டில் சத்தமே இல்லை, நீங்கள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

எழுதியிருக்கு, அத்தை. யார் தண்ணீர் பிடித்தது என்று எழுதியிருக்கு.

வேதத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பாவம் என்று சொல்கிறவர் நீங்கள். அவளைப் பற்றித் தெரிந்தால் நான் கட்டுப்பட்டுப்போவேன் என்று, அத்தனை வருஷமும் அவளை அடுப்படியிலேயே ஒளித்துவைத்தீர்கள். ஒளித்திருக்க வேண்டியதில்லை. திரும்பிப் போனவளையும் அந்தப் புத்தகம் ஒரு வார்த்தை ஏசவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், கிளம்புவது குற்றமில்லை. நானும் அவள் கதையைக் கேட்டுவிட்டுத் தங்கவில்லை, தெரியாமலேயே தங்கினேன். அது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எழுத இன்னும் எழுத்துகள் போதவில்லை. உங்கள் சாமிதான் என் சாமி என்றும் அவள் சொல்கிறாள். அது மட்டும் என்னால் முடியவில்லை. முருகனுக்குத்தான் கற்பூரம் ஏற்றுகிறேன். நீங்களும் மாறச் சொன்னதில்லை.

இப்போதும் காலையில் இரண்டு வாளி பிடிக்கிறேன். ஒன்று போதும், கை கேட்பதில்லை.

அடுத்த அதிகாரத்தின் முதல் பக்கத்தில் வயல் என்று ஒரு சொல் தெரிகிறது. நீங்கள் ஒளித்துவைத்த பெண் அங்கே என்ன ஆனாள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, உங்களுக்கு எழுதுகிறேன். முன்னறையில் உட்கார்ந்து சத்தமாகத்தான் படிப்பேன். நான் எங்கேயாவது ஒரு வரியை விட்டால், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் செருமுங்கள்.