டை கட்டிக்கொண்டு எடுத்த படம்

சைகோன்
1971, டெட் புத்தாண்டுப் பண்டிகை கழிந்த வாரம்

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

லியென் எழுதுவது. நான் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதற்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருக்கிறது. இத்தனை வருடக் குடித்தனத்தில் நீங்கள் அதை விசாரித்தது இதுதான் முதல் தடவை. மழைக்கு முன்னால் கூரைக்கு எந்தத் தச்சனைக் கூப்பிட வேண்டும் என்றும், பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்றும்கூட எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு உறையைத் திருப்பி, விலாசம் நம் வீட்டுக்குத்தானா என்று பார்த்தேன். செருப்பு எங்கே என்று தினமும் என்னைக் கேட்கிற மனிதர் திடீரென்று இப்படிப் பொறுப்பாகிவிட்டால், கட்டினவளுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

வீட்டுச் செய்தி சொல்கிறேன். குளிர்பெட்டியில் பாதி இடத்தை இன்னும் வெக்கையில் கெடாமலிருக்க நீங்கள் வைத்த பிலிம் சுருள்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீன் வாங்கினால் அன்றே தின்றாக வேண்டியிருக்கிறது. பக்கத்து நூடுல்ஸ் கடை கிம் அக்கா ஐஸ் கேட்டு வந்தவள், ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இது என்ன ஊர் மருந்து?” என்றாள். வயிற்றுப்போக்குக்கு என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மறுநாள் வந்து, தன் கொழுந்தனுக்கு ஒன்று வேண்டும் என்றாள்.

முனை சலூன்காரர் உங்களை விசாரித்தார். இந்த யுத்தப் படம் எடுக்கிற உத்தியோகத்துக்கு என்னென்ன வேண்டும், கேமரா ஒன்று இருந்தால் போதுமா என்று கேட்டார். நானும் வேலையில்லாமல் நின்றேனா, பாடம் நடத்திவிட்டேன். கேமரா கடையில் கிடைக்கும். எல்லாரும் தரையோடு தரையாகப் படுக்கும்போது ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறாரே, அந்தக் கிறுக்கு கடையில் கிடைக்காது என்றேன். ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது கையை அவள் தோளில் வைக்காமல் கேமராவிலேயே வைத்திருக்கத் தெரிய வேண்டும். அது முடிந்து, அவள் பெயரையும் ஊரையும் அவளிடமே பிழையில்லாமல் கேட்டு எழுதிக்கொள்ளவும் தெரிய வேண்டும். எடுத்த சுருளை முன்பின் தெரியாத விமானப் பயணி கையில் திணித்து, சைகோனில் கொடுத்துவிடுங்கள் என்று பல்லிளிக்க வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பெரிதாக வந்து, கீழே பெயர் வராமல் போனால் துடைத்துப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பெண்டாட்டியிடம் பொய் சொல்லத் தெரிய வேண்டும். அந்த ஒரு பாடத்தில்தான் என் வீட்டுக்காரர் தேறவில்லை என்று பெருமையாக முடித்தேன்.

சலூன்காரர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே சொன்னார்: “தேறலயா? கிளம்புறதுக்கு மொத நாளு இங்க வந்தாரே அண்ணி. காதோரம் பாத்து வெட்டு, நல்லா வரணும்னு சொன்னாரு.”

ஊருக்குக் கிளம்பும்போது நீங்கள் முடி வெட்டிக்கொண்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. சேற்றில் உருளப் போகிறவனுக்குக் காதோரம் எதற்கு என்பீர்கள். இந்தத் தடவை யாருக்கு நல்லா வரணும்?

இதை நான் கிம் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவள் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையைத் துடைத்தால் யாரோ ஒருவர் குடும்பத்தில் அன்றைக்குச் சோறு வேகாது என்பது நம் தெருவுக்கே தெரியும்.

“இந்தா லியென், நான் கெட்ட மனசுக்காரி இல்ல. ஆனா பாத்ததச் சொல்லாம இருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. அதே நாளு சோலோன்ல, அந்தச் சீனக்காரங்க பேட்டையில, லாம் கெழவரோட படக் கடையிலேருந்து உன் வீட்டுக்காரரு வெளிய வந்தாரு. டை கட்டிக்கிட்டு.”

உங்களிடம் டை கிடையாது. அதைவிட, உங்களிடம் படமே கிடையாது. படம் எடுக்கிறவன் படத்தில் விழுந்தால் அதோடு அவன் ஆயுள் சரி என்று உங்கள் கூட்டத்தில் ஒரு நம்பிக்கை. யாராவது கேமராவைத் திருப்பினால் தூணுக்குப் பின்னால் ஓடுகிற ஆள் நீங்கள். நம் கல்யாணப் படத்திலேயே நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் பங்குக்கு ஒரு காது மட்டும் நிற்கிறது. அப்படிப்பட்ட மனிதர், முடி வெட்டி, இரவல் டை கட்டி, இந்தத் தெருக்காரர் அதிகம் போகாத சோலோனுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டால் அது யாருக்கு? எனக்கு இல்லை. எனக்குத்தான் காது இருக்கிறதே.

அன்று முழுதும் நான் அந்தப் படத்துக்கு உரியவளை மனதிலேயே உருவாக்கிவிட்டேன். நீங்கள் இப்போது இருக்கிற தோங் ஹாவில் காப்பிக் கடை வைத்திருக்கிறாள். முழங்கால் இரண்டும் நன்றாக மடங்குகின்றன. வயது சொல்ல மாட்டேன், எனக்கே வயிறு எரிகிறது. நான் உங்களைவிட மூன்று வயது மூத்தவள் என்று உங்கள் அம்மா கல்யாணத்தன்று பந்தியில் வைத்து அறிவித்தது வேறு நினைவுக்கு வந்தது.

மறுநாள் லாம் கடைக்குப் போனேன். கிம் அக்காவும் சாட்சிக்கு வருகிறேன் என்று கடையை மூடிவிட்டு, மடி நிறையத் தர்பூசணி விதையோடு ரிக்ஷாவில் ஏறிக்கொண்டாள். போகும் வழியெல்லாம் கொறித்தாள். எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுத்தாள். பெண்டாட்டி என்று சொன்னால் எந்த ஆம்பிளையும் வாயைத் திறக்க மாட்டான். அக்கா என்று சொல் என்றாள். உன் முகத்துக்கு நம்புவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். அவள் நல்லவள்தான், சில சமயம் தள்ளிவிடத் தோன்றும்.

கடைக்குள் போய், புகைப்படக்காரர் லோக்கின் மூத்த அக்கா நான், தம்பி படம் தயாரா என்று கேட்டேன். கிழவர் நம்பிவிட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல் நம்பியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

“அக்காவா? நல்லதாப் போச்சு. அவரு சம்சாரம் வந்துடுவாங்களோன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன். அந்தம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

கிம் அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். நான் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டேன். படம் கழுவி எடுத்தாயிற்று, முகத்தில் பென்சில் வேலைதான் பாக்கி, உங்கள் தம்பி கேட்டது சுலபமான வேலை இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணோரச் சுருக்கத்தை எடுக்கச் சொல்லியிருப்பீர்கள், தாடையை இழுத்துக் கட்டச் சொல்லியிருப்பீர்கள். என் தம்பி எத்தனை வயதைக் குறைக்கச் சொன்னான் என்று கேட்டுவிட்டேன்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். “கொறைக்கவா? கூட்டச் சொன்னாரும்மா.”

துணியை விலக்கிப் படத்தைக் காட்டினார். நேராகப் பார்க்கிற முகம். பின்னால் வெள்ளைத் துணி. கறுப்பு டை. சிரிப்பு இல்லை, கோபம் இல்லை. எந்தப் பெண்ணுக்கும் யாரும் கொடுக்காத மாதிரிப் படம். நம் ஊரில் அந்த அளவில், அந்த மாதிரி, ஒரே ஒரு இடத்தில் வைப்பதற்குத்தான் படம் எடுப்பார்கள். அதன் முன்னால் ஊதுபத்தி ஏற்றுவார்கள். ஒரு பக்கக் கிருதாவில் மட்டும் நரை வரைந்திருந்தது. இன்னொரு பக்கம் கறுப்பாகவே இருந்தது. கிம் அக்கா விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

கிழவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் சிநேகிதர் சுவான் செத்துப்போனபோது வீட்டில் ஒரு படம்கூட இல்லையாம்; ஊரையே படம் எடுத்தவருக்குப் பத்திரிகைக்காரர் அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சின்னப் படத்தைத்தான் பெரிதாக்கி மாடத்தில் வைத்தார்களாம்; கன்னத்தில் ராணுவ முத்திரையோடு இன்றைக்கும் நிற்கிறாராம். அந்த வேலையைச் செய்து கொடுத்ததே இவர்தானாம். அதைப் பார்த்த நாளிலிருந்து உங்களுக்கு மனது கேட்கவில்லையாம். அதுவரை நான் எப்படியோ நின்றேன். நரை எதற்கு என்று மட்டும் கேட்டேன்.

“சம்சாரம் அவரைவிட மூத்தவங்களாம். நாளைக்கு வயசாகி அவங்க படமும் பக்கத்துல வந்து ஒக்காரும்ல? ‘நான் மட்டும் சின்னப் பையனா இருந்தா, எவனாவது அம்மாவும் புள்ளையுமான்னு கேப்பான். அவளுக்கு அது பிடிக்காது. அதனால இப்பவே என்னைக் கெழவனாக்கிடுங்க’ன்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு.”

நான்தான் அந்தச் சம்சாரம் என்று சொன்னேன். பாவம் லாம், எனக்கு நாற்காலி போடுவதா, படத்தை மறைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிம் அக்கா அழுதாள். என்னைவிடச் சத்தமாக அழுதாள். கடைக்கு வந்த இன்னொருவர், அவள்தான் விதவை என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்.

முடிந்ததும் யாரிடம் கொடுக்கச் சொன்னார் என்று கேட்டதற்கு, அலுவலகத்துச் சின் வந்து வாங்கிக்கொள்வார் என்றார். உங்கள் சுருள்களைக் கழுவுகிற அதே சின். டையும் அவருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அப்படியே இருந்தது. ரிக்ஷாவை நேரே அலுவலகத்துக்கு விடச் சொன்னேன். என்னைப் பார்த்ததும் சின் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வேலை நடக்கிறது, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்றார். நான் வெளியிலேயே உட்கார்ந்தேன். கடைசியில் அவரே வந்தார்.

லாவோஸ் எல்லையைத் தாண்டிப் போகிற ஹெலிகாப்டரில் ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். வெள்ளைக்காரப் புகைப்படக்காரர்கள் இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பக்கம் மலையெல்லாம் பீரங்கியாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வராவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள் என்று பெரிய துரையே சொன்னாராம். “அவராத்தான் கேட்டு வாங்கிக்கிட்டாரு அண்ணி” என்று சொல்லிவிட்டுச் சின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆக, கூரைக்குத் தச்சன். பெட்டிக்குச் சாவி. என் முழங்கால்.

யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா, பார்க்காவிட்டால் அங்கே செத்தவன் செத்தான் என்றுகூட யாருக்கும் தெரியாதே என்பீர்கள். தெரியும். இத்தனை வருடம் நீங்கள் போனபோதெல்லாம் இதையே சொன்னீர்கள், நானும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். ஒரு தடவையாவது தடுத்தேனா? அப்போதெல்லாம் நீங்கள் திரும்பி வருவதாக நினைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். இந்தத் தடவை அப்படி நினைக்கவில்லை என்று லாம் கடையில் படமாகவே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதனால் தடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் காலை விமானத்தில் தோங் ஹா போகிற ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சின் சொல்கிறார். ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும் என்கிறார். டை கொடுத்த பாவத்துக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? லாமிடம் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். இன்னொரு பக்கத்து நரையை நீங்கள் இங்கே வந்து, என்னோடு சண்டை போட்டுப் போட்டு, மெதுவாக வரவழைத்துக்கொள்ளலாம்.

நான் உங்களைச் சந்தேகப்பட்டது வாஸ்தவம். இன்னமும் சந்தேகம்தான். இதைப் படித்துவிட்டுச் சிரித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிவிடுவீர்களோ என்று சந்தேகம். அதனால் ஒன்று சொல்கிறேன். தோங் ஹாவில் காப்பிக் கடையோடு நிஜமாகவே ஒருத்தி இருந்தால், தயவுசெய்து அந்த ஹெலிகாப்டர் உங்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறவரை அவள் வீட்டிலேயே ஒளிந்துகொண்டிருங்கள். அவள் பெயரைக் கேட்க மாட்டேன். கிம் அக்காவையும் கேட்க விட மாட்டேன். அவளுக்கு நூறு வயது கொடுக்கச் சொல்லி நானே ஊதுபத்தி ஏற்றுகிறேன்.

வாசற்கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தி வைத்திருக்கும்,
லியென்